மாற்று ஆள்

எங்கள் அலுவலகத்தில் மின்விசிறி நின்றால் யாரும் மின்வாரியத்தைத் திட்ட மாட்டோம். முதலில் அண்ணனின் சட்டைப் பையைப் பார்ப்போம். பாதி நாள் ஃபியூஸ் கட்டை அங்கேதான் இருக்கும். அவரே பிடுங்கி வைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு கதவோரம் நிற்பார்.

"கரண்டு இல்ல. சாயங்காலம் வரைக்கும் வராது. இப்ப என்ன செய்வீங்க?"

"கட்டையை மாட்டுவோம்ணே" என்பேன் நான்.

"கட்டை எரிஞ்சு போச்சும்மா."

"உங்க பையிலதான இருக்கு, எரியாம."

சிரிக்க மாட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். கம்ப்யூட்டர் இல்லாமல், அன்றைக்கு யார் யாருக்கு மாத்திரை போக வேண்டும் என்ற பட்டியலை நாங்கள் கையால் எழுதி முடித்த பிறகுதான் கட்டை பையிலிருந்து வெளியே வரும். எத்தனை நிமிடம் ஆனது என்று ஒரு நீள நோட்டில் குறித்துக்கொள்வார். இந்த மனுசனுக்கு வேறு வேலையே இல்லையா என்று நாங்கள் முணுமுணுப்பது அவர் காதில் விழாமல் இருக்காது. அதைக் குறித்துக்கொண்டதில்லை.

செல்லூரில் தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில், வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் தொண்டு நிறுவனம் இருந்தது. படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுப்பது, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பது, இந்த இரண்டும்தான் முக்கிய வேலை. நான் களப்பணி மேற்பார்வை. அண்ணன் ஸ்டோர் பொறுப்பு. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். ஒல்லி உடம்பு, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, வீட்டுக்குப் போன் பேசும்போது மட்டும் சட்டென்று சௌராஷ்டிர மொழிக்கு மாறிவிடும் குரல். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதை எழுதட்டுமா என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். எங்களுக்கு உதவி செய்த வெளிநாட்டு அமைப்பு ஒரு படிவம் அனுப்பியது. உங்களிடம் பிசினஸ் கன்டினியூட்டி புரோகிராம் இருக்கிறதா, அதை யார் நடத்துகிறார்கள் என்று கேட்டிருந்தது. எங்கள் செயலாளர் ஓய்வுபெற்ற பேராசிரியர். படித்துவிட்டு, "நாம எங்கய்யா பிசினஸ் பண்றோம்? ஏதோ கம்பெனிக்குப் போக வேண்டிய கடுதாசி வழி மாறி வந்திருக்கு" என்று மேசை ஓரம் ஒதுக்கினார். அண்ணன் அதை எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் அகராதியோடு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் வந்து நின்றார்.

"பெரிய விஷயமில்ல சார். நாம நின்னு போனாலும் நம்ம வேலை நிக்கக் கூடாது. அதுக்கு என்ன ஏற்பாடு வச்சிருக்கீங்கன்னு கேக்குறாங்க."

"நாம எதுக்கு நிக்கப் போறோம்?"

"மழை வரலாம் சார். தீ பிடிக்கலாம். நீங்களே இல்லாமப் போகலாம்."

நாங்கள் ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தோம். செயலாளர் அப்போதுதான் நெஞ்சுவலி என்று பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தார். முகம் கறுத்துவிட்டது. அண்ணனுக்கு அது தெரியவில்லை. "உங்களுக்கு அடுத்து யார் கையெழுத்துப் போடுறதுன்னு எழுதி வச்சிட்டா நல்லது" என்று சொல்லி பேனாவையும் நீட்டினார். அந்த வாய்க்காகவே இரண்டு மாதம் செயலாளர் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பொறுப்பு அண்ணன் தலையில்தான் விழுந்தது. வேறு யாரும் அதைத் தொடத் தயாராக இல்லை.

அலுவலகத்தில் மட்டும் இப்படி என்று நினைத்திருந்தோம். அவர் மகளின் காதுகுத்துக்குப் போனபோதுதான் வீட்டிலும் அதே கூத்து என்று தெரிந்தது. பந்தலில் இரண்டு ஆசாரிகள் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் நல்ல திடகாத்திரமாக வந்துவிட்டார்கள். கடைசியில் ஒரு காது ஒருவர், மறு காது மற்றவர் என்று பேசி முடித்தார்கள். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் இரண்டு ஆசாரிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"முன்னாடி நான் வேற ஒரு எடத்துல இருந்தேன். அங்கயும் சாப்பாடு கொடுக்கிற வேலைதான். கொண்டு போற ஆளுக்குக் காய்ச்சல். அவரு எந்தெந்த வீட்டுக்குப் போறாருன்னு அவருக்கு மட்டுந்தான் தெரியும். மூணு நாள் ஒரு அம்மா தட்டைக் கழுவி வச்சுக்கிட்டு, கதவைத் தெறந்து போட்டு உக்காந்திருக்கு. நாலாம் நாள் நான் போனேன்."

"அப்புறம்?"

"தட்டு மட்டும் சுத்தமா இருந்துச்சு."

கொஞ்ச நாளைக்கு அவரைக் கேலி செய்யாமல் இருந்தேன்.

அவர் போட்ட திட்டத்தில் மழை, தீ, போன், வண்டி எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருந்தது. மாத்திரைப் பாக்கெட்டுகளும் முகவரிப் பட்டியலும் இன்னொரு செட்டாக, மேட்டில் இருந்த ஒரு டெய்லர் கடையின் மாடியில் எப்போதும் இருக்கும். அதையெல்லாம்விட அவர் பெரிதாக நினைத்தது மாற்று ஆளை. ஒவ்வொரு பகுதிக்கும் மாத்திரை கொண்டுபோகிறவர் ஒருவர் என்றால், அவர் வராத நாளில் போவதற்கு இன்னொருவர். அந்த மாற்று ஆள் மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை மதியம், துணைக்கு யாரும் இல்லாமல், எல்லா வீட்டுக்கும் ஒரு தடவை நடந்து போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். வந்து நோட்டில் ஒரு டிக். அவ்வளவுதான்.

முகவரிதான் இருக்கிறதே, எதற்கு நடக்க வேண்டும் என்று கேட்டேன். பட்டியலை என் முன்னால் விரித்தார். அந்தச் சந்துகளில் கதவு எண் ஒழுங்காக இருக்காது. 'தறிக்கூடத்துக்குப் பின்னாடி நீலக் கதவு', 'கறுப்பு நாய் கட்டியிருக்கும் வீட்டுக்கு எதிர்ச் சந்து', இப்படித்தான் எழுதியிருந்தது. அக்கம் பக்கத்தில் விசாரிக்கவும் கூடாது. வலிப்பு இருக்கிற வீடு எது என்று நாம் ஒரு வார்த்தை கேட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது. பல வீடுகளில் சொந்தக்காரர்களுக்கே தெரியாது. மாத்திரை வாங்க ஆபீஸ் பக்கம் யாரும் வர வேண்டாம், நாங்களே வருவோம் என்று வாக்குக் கொடுத்திருந்தோம்.

"ஒரு தடவை நடந்தவளுக்குத்தான் இந்த எழுத்து புரியும்மா" என்றார். "நடக்காதவளுக்கு இது வெறும் பேப்பர்."

டிக் போதுமா, வீட்டாரிடம் கையெழுத்து வாங்க வேண்டாமா என்று செயலாளர் கேட்டதற்கு அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம ஆளுகளையே சந்தேகப்படுற மாதிரி இருக்கும் சார்" என்றார். ஃபியூஸ் கட்டையைக்கூட நம்பாத மனிதர், எங்களை நம்பினார்.

பாண்டியம்மாவின் பகுதியில் பதினாறு வீடுகள். அவள் அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அவளுக்கு மாற்று ஆள் நான். ஏழு மாதம், ஏழு டிக். ஒரு மாதம்கூட நான் போகவில்லை.

சனிக்கிழமை மதியம் மகள் வீட்டில் இருப்பாள். சாப்பிட்டுவிட்டு அவளோடு படுத்துத் தூங்குவேன். டிவியில் படம் ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு வேறு ஏதாவது நல்ல காரணம் கிடைக்குமா என்று இத்தனை வருடம் தேடிப் பார்த்துவிட்டேன். சோம்பல்தான். பாண்டியம்மா ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை, பிறகு என்ன என்று இருந்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் டிக் போடும்போது முதல் மாதம் கொஞ்சம் உறுத்தியது. மூன்றாம் மாதத்தில் அதுவும் இல்லை.

அந்த ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. கண்மாய் நிறைந்து தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் இடுப்பளவு தண்ணீர். கம்ப்யூட்டர், பீரோ, ஸ்டோரில் இருந்த மாத்திரை எல்லாம் போயிற்று. ஆனாலும் யாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. எல்லாரும் நேராக டெய்லர் கடை மாடிக்குப் போனோம். பெட்டி காய்ந்து இருந்தது, பட்டியல் இருந்தது. யார் எங்கே போக வேண்டும் என்று நோட்டைப் பார்த்துப் பிரிந்தோம். எங்கள் சமையல்கூடம் ஆற்றுக்குத் தெற்கே இருந்தது. அண்ணன் விடியும்போதே அங்கே போய், முதியவர்களுக்குச் சாப்பாடு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பாலத்தில் போலீஸ் ஆளை விடவில்லை. அலங்காநல்லூர் பஸ்ஸும் இல்லை. அன்றைக்குத்தான் அந்தப் பதினாறு வீட்டுக்கும் புது மாத்திரை போக வேண்டிய நாள். அவர்கள் கையில் முந்தின மாதத்து மாத்திரை காலையோடு தீர்ந்திருக்கும். வீட்டுக்கு ஐந்து நாள் மாத்திரை கூடுதலாகக் கொடுத்து வைக்கலாம் என்று அண்ணன் கேட்டதற்கு, கணக்குத் தப்பிச் சாப்பிட்டுவிடுவார்கள் என்று டாக்டர் மறுத்திருந்தார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன். தெருவில் தொடை வரை தண்ணீர். ஒவ்வொரு வீடாக, முட்டி மோதி, பதினைந்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். இன்றைக்கும் அந்தப் பதினைந்து எப்படி முடிந்தது என்று எனக்கு ஆச்சரியம்தான். கடைசி வீடு செல்வி என்ற பெண்ணுடையது. இருபத்திரண்டு வயது. அம்மாவும் மகளுமாக நூல் சுற்றிப் பிழைப்பவர்கள். 'மஞ்சள் சுவர் திரும்பினதும் நீலக் கதவு' என்று எழுதியிருந்தது. மஞ்சள் சுவர் மூன்று இருந்தது. நீலக் கதவு எங்கேயும் இல்லை. ஒரு மணி நேரம் சுற்றினேன். விசாரிக்கவும் முடியாது. கால் விறைத்துப் போயிற்று. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், ஒரு வேளை மாத்திரைதானே என்று திரும்பிவிட்டேன். அந்தக் கதவுக்குப் பச்சை பெயின்ட் அடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை போயிருந்தால் தெரிந்திருக்கும்.

நாலு மணிக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு எஸ்டிடி பூத்தில் அண்ணன் காத்திருப்பார் என்று நோட்டில் எழுதியிருந்தது. டெய்லர் கடைப் போனிலிருந்து பேசினேன்.

"எல்லா வீடும் ஆச்சாம்மா?"

"ஆச்சுண்ணே."

அந்தப் பக்கத்திலிருந்து மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"கடைசிச் சந்தும் போயிட்டியா? அது கண்டுபிடிக்கக் கஷ்டம்."

"போயிட்டேண்ணே. எல்லா வீடும்."

"சரிம்மா. நல்லது. நீ வீட்டுக்குப் போ."

மறுநாள் என் வீட்டுக்குள்ளேயே ஒழுகியது. பாத்திரம் வைத்துப் பிடிப்பதிலும் துடைப்பதிலும் பொழுது போயிற்று. அதற்கு மறுநாள் பாண்டியம்மா வந்ததும் அவளிடம் கொடுத்துவிடலாம் என்று செல்வியின் பாக்கெட்டைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பாண்டியம்மா வந்தாள். அவள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால், செல்வி கஞ்சி இறக்கும்போது வலிப்பு வந்து, எரிகிற ஸ்டவ் மேலேயே விழுந்திருந்தாள். வலது கை வெந்துவிட்டது.

தண்ணீர் வடிந்ததும் அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனார். "தண்ணியா இருந்துச்சுண்ணே, உள்ள போக முடியல. உங்ககிட்ட போன்ல சொல்லப் பயமா இருந்துச்சு" என்று நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். மற்ற தெருக்களில் எல்லாம் சுவரில் தொடை உயரத்துக்குச் சேற்றுக் கோடு இருந்தது. செல்வியின் சந்து மேடு. சுவர் சுத்தமாக இருந்தது. வாசலில் போட்டிருந்த கோலப்பொடிகூட மூலையில் காய்ந்து கிடந்தது. அண்ணன் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கதவைத் தட்டினார்.

செயலாளர் வீட்டில் கமிட்டி கூடியது. "நோட்டுல ஏழு டிக் இருக்கேம்மா, அப்புறம் எப்படி வீடு தெரியாமப் போச்சு?" என்று செயலாளர் கேட்டார். "போயிருக்கேன் சார். அன்னைக்குத் தண்ணியில அடையாளம் தெரியல" என்றேன். எதிரில் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனில் நான் சொன்ன பொய் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"ரெண்டு கரைக்கும் ஒரே ஆளாப் பொறுப்பு எடுத்தது நான்தான் சார்" என்றார். "ஆறு குறுக்க வரும்னு யோசிக்காம விட்டுட்டேன். திட்டத்துல உள்ள தப்பு. வேற யாரும் காரணமில்ல."

செயலாளருக்கு அவர் மேல் பழைய கோபம் மிச்சமிருந்தது. நன்றாகவே பேசினார். ஊர் முழுக்க அபசகுனம் பேசிக்கொண்டு திரிந்ததற்கு இதுதான் பலனா என்றார். அண்ணன் அந்த மாதக் கடைசியில் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை தவறவில்லை. நானே எல்லாப் பகுதியும் நடந்தேன். வெளிநாட்டிலிருந்து பார்வையிட வந்தவர்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்து அசந்துபோனார்கள். நாலைந்து வருடம் கழித்து ஒரு கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அன்று வீட்டுக்கு வந்து அதை மடிக்கக்கூட முடியவில்லை. மறுநாள் கப்பலூருக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு சின்ன பிளாஸ்டிக் கம்பெனியில் அண்ணன் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்று பேசினோம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அந்த ஏழு டிக்கும் பொய். நான் ஒரு தடவைகூட நடக்கல."

"தெரியும்மா" என்றார்.

"மழைக்கப்புறம் செவுத்தைப் பாத்துத் தெரிஞ்சிருக்கும்..."

"மழைக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும். ஒரு பாக்கெட்டு மாறிப் போச்சுன்னு நான் ஒரு வீட்டுக்குப் போனேன். மாத்து ஆளா வருமே ஒரு அம்மா, வந்துச்சான்னு பேச்சுவாக்குல கேட்டேன். பாண்டியம்மாவைத் தவிர யாரையும் பாத்ததே இல்லைன்னாங்க."

"அப்பவே என்னையக் கேட்டிருக்கலாம்லண்ணே."

"கேட்டா நீ கூசிப் போவ. நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியுமா? அந்தப் பதினாறு வீட்டையும் நானே ரெண்டு தடவை நடந்து பழகிக்கிட்டேன். உனக்கு மாத்து நான்னு நெனச்சுக்கிட்டேன். அன்னைக்குன்னு பாத்து நான் அந்தக் கரையில மாட்டிக்கிட்டேன். அதான் போன்ல ரெண்டு தடவை கேட்டேன். ஒண்ணு பாக்கின்னு சொல்லியிருந்தா எப்படியாவது வந்திருப்பேன்மா. என்கிட்ட உள்ள தப்பு அதுதான். தெரிஞ்சுக்கிட்டே, நீ சொன்னதை அன்னைக்கு நம்பிட்டேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மரத்தடியில் நின்று அழுதேன். லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை.

"எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப் போகுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவ ஒருத்தி இருக்கா. அங்க போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வி வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். இத்தனை வருடமும் பாண்டியம்மாதான் அந்த வீட்டுக்கு மாத்திரை கொடுத்து வந்தாள். ஆனால் நான், மற்ற எல்லாச் சந்தும் நடக்கிறவள், இந்த ஒரு சந்தை மட்டும் அவளிடமே விட்டிருந்தேன். செல்வி கதவைத் திறந்து ஒரு கணம் யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, தண்ணி வடிஞ்சப்ப அந்த அண்ணன்கூட வந்தீங்களே, நீங்கதான அது? வாங்கக்கா, உள்ள வாங்க. எங்கம்மா சாகுற வரைக்கும் உங்களைச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அம்புட்டுத் தண்ணியில எறங்கி நம்ம வீட்டைத் தேடிக்கிட்டு அலைஞ்ச பிள்ளைன்னு."

"யாரு சொன்னா அப்படி?"

"அந்த அண்ணன்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப எங்கம்மா உங்களை ஏசுச்சு. அவருதான், ஏசாதீங்கம்மா, தொடைத் தண்ணியில நின்னு தேடியிருக்காங்க, தப்பு எம்மேலன்னு சொன்னாரு."

உட்கார வைத்தாள். வலது கையில் மூன்று விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிப் போயிருந்தன. நூல் சுற்றும் வேலை போய்விட்டது, இப்போது இடக்கையால் இட்லி மாவு ஆட்டி விற்கிறேன் என்றாள். கல்யாணப் பேச்சு அந்தக் கையோடு நின்றுவிட்டது என்பதையும் சாதாரணமாகத்தான் சொன்னாள். டீயை வடிகட்டி, வெந்த கையின் மணிக்கட்டில் டம்ளரை அணைத்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். மனப்பாடம் செய்த வார்த்தைகள் எல்லாம் வாய்க்குள் இருந்தன. நான் டீயைக் குடித்தேன்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவாக்கா?" என்றாள்.

டம்ளரை நீட்டினேன்.